கழற்றாத போல்ட்

பெஞ்சின் மேல் நட்டு மட்டும் கிடந்தது. போல்ட்டைக் காணவில்லை. மெக்கானிக் குனிந்து தேடினான், கிரீஸ் டப்பாவை நகர்த்திப் பார்த்தான். பிறகுதான் அது எங்கே இருக்கிறது என்று உறைத்தது.

அத்தானின் படகை ஏற்றிப்போகும் டிரெய்லர் மூன்று நாளாக அவன் பட்டறையில்தான் நின்றது. தண்ணீரில் இறங்கி இறங்கி அதன் பிரேக் துருப்பிடித்துப் போயிருந்தது. பெரிய ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்று அத்தான் சொன்னதற்கு அக்காதான் மல்லுக்கு நின்றாள், தம்பி இருக்கும்போது வேறு இடமா என்று. அவனும் சும்மா சொல்லக்கூடாது, உயிரைக் கொடுத்துத்தான் வேலை பார்த்தான். ஆயில் ஒரு சொட்டாவது ஒழுகுகிறதா என்று இரண்டு நாள் காகிதம் விரித்து வைத்துப் பார்த்தவன் அவன்.

அந்த டிரெய்லருக்குத் தனி பிரேக் மிதி கிடையாது. முன்னால் கார் வேகம் குறைந்தால் படகின் பாரம் டிரெய்லரைக் காரோடு இணைக்கும் கொக்கியைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் பிரேக்கைப் பிடிக்கும். பின்னால் எடுக்கும்போதும் அப்படியே பிடித்துத் தொலைக்கும் என்பதால், கொக்கி நகராமலிருக்க ஒரு இரும்பு ஊசியைச் செருகுவார்கள். ஊசி எப்போதோ தொலைந்திருந்தது. காலையில் வண்டியைப் பின்னாலேயே எடுத்து ரோட்டுக்குக் கொண்டுவர அவன் ஒரு போல்ட்டைச் செருகினான். அதற்குள் அக்கா பிள்ளைகள் இரண்டும் படகில் ஏறிக்கொண்டு அடம்பிடிக்க, தூக்கிக் காரில் உட்காரவைத்து, கையாட்டி அனுப்பியும் விட்டான். போல்ட் அங்கேயே இருந்தது; அது இருக்கும்வரை டிரெய்லருக்குப் பிரேக்கே பிடிக்காது. ஏரிக்குப் போகும் வழியில் பதினோரு வளைவு இறக்கம்.

அத்தான் ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். அவன் கூப்பிட்டபோது அக்காதான் எடுத்தாள்.

"என்னடா, அதுக்குள்ள எங்கள தேடுதா?"

உண்மை தொண்டைவரை வந்தது. உன் தம்பி லட்சணத்தப் பாத்தியா என்று அத்தான் அவளைப் பார்க்கும் பார்வையும் கூடவே வந்தது.

"ஒண்ணுமில்லக்கா. என் ஸ்பேனர் ஒண்ணு டிரெய்லர்ல இருக்கும்போல. கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்லேன்."

அத்தான் சிரிப்பது கேட்டது. "ஒரு ஸ்பேனருக்காக நடுரோட்டுல நிக்கணுமா? சாயங்காலம் பத்திரமா வந்து சேரும்னு சொல்லு."

அக்கா வைத்துவிட்டாள். அவனுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. திரும்பக் கூப்பிட்டான். லைன் கிடைக்கவில்லை. பைக்கை விரட்டினாலும் இனி பிடிக்க முடியாது. நான்காவது தடவைதான் மணி அடித்தது.

"அக்கா, நான் சொன்னது பொய். டிரெய்லர் பிரேக் பிடிக்காம இருக்க ஒரு போல்ட்ட சொருகினேன். எடுக்க மறந்துட்டேன். இறக்கத்துக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லு."

அக்கா பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில், "ரெண்டு வளைவு இறங்கிட்டோம்டா" என்றாள்.

"பிரேக்க அழுத்தியே வெச்சிருக்க வேணாம், விட்டு விட்டு அழுத்தட்டும். கியர குறைக்கச் சொல்லு. ஒவ்வொண்ணா."

அக்கா கடைக்குப் போகிறவரிடம் சாமான் சொல்லியனுப்புவதுபோல நிதானமாகச் சொன்னாள். அத்தான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற மனிதர். அவர் கேட்காததுதான் மெக்கானிக்கைப் பயமுறுத்தியது. இஞ்சின் உறுமுவது கேட்டது.

"பின்னாலேருந்து தள்ளுது," என்றார் அத்தான்.

"அம்மா, படகு நம்மள முந்தப் பாக்குது," என்று சின்னவள் சொல்லிச் சிரித்தாள்.

"தம்பி, போன வெக்காத," என்றாள் அக்கா.

அவன் வைக்கவில்லை. இஞ்சின் சத்தம் ஏறியது, டயர்கள் எதிலோ தேயும் சத்தம் கேட்டது, சின்னவளின் சிரிப்பு நின்றுவிட்டது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்து அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் வலது கால் பட்டறையின் சிமென்ட் தரையை, விரல்கள் வெளுத்துப்போகும்படி, மிதித்துக்கொண்டிருந்தது.