மாடி அறையில் மூன்று வாசல்

கே.கே. நகர் ஜெஸ்வின் எழுதிய ரத்ததான ஆப்புக்குத் தலைமைக் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லா நம்பரும் ஒரே இடத்தில் இருந்தால் வெளியே போய்விடும் என்று ரத்தம் கொடுப்பவர்கள் பயந்தார்கள். அதனால் போன்கள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொண்டன. புதிதாக வரும் போனுக்குத்தான் யாரையும் தெரியாது. அது முதலில் போய் விசாரிக்க மூன்று கம்ப்யூட்டர்களின் முகவரியை ஆப்பிலேயே வைத்திருந்தான். மூன்றும் அவன் வீட்டு மாடி அறையில் இருந்தன.

"ஆளுக்கு ஒண்ணா வேற வேற வீட்ல வைடா," என்றான் நண்பன் ஸ்டீபன்ராஜ்.

"என்னை விட யாரை நம்புறது?" என்று சிரித்தான் ஜெஸ்வின்.

பிறகு ஒருநாள் வீட்டு இன்டர்நெட்டை வேறு கம்பெனிக்கு மாற்றினான். இணைப்பு மாறியதும் கம்ப்யூட்டர்களின் முகவரியும் மாறியது; ஆப்பில் இருந்த மூன்று முகவரிகளும் செத்துப்போயின. ஏற்கெனவே அறிமுகமான போன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருந்ததால் அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

அந்த வாரம்தான் நவநீதன் கூப்பிட்டார். ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். பிரசவத்தில் மனைவிக்கு ரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ் வேண்டும்.

"ஆப்பு போட்டேன் தம்பி. யாருமே இல்லன்னு காட்டுது."

ஜெஸ்வின் தன் போனைப் பார்த்தான். திரை நிறையப் பெயர்கள்.

"எனக்கு நல்லா வருதுண்ணே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

திரும்பவும் கூப்பிட்டார். ஜெஸ்வின் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான்.

"உங்க போன் சரியில்லண்ணே. நல்ல போனா வாங்குங்க," என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபன்ராஜ் புதுப் போன் வாங்கி ஆப்பைப் போட்டான். யாருமே இல்லை என்றது. அப்போதுதான் ஜெஸ்வினுக்கு உறைத்தது. புதுப் போன்கள் போய் விசாரிக்கும் மூன்று வாசலும் அடைத்துக் கிடந்தன. அன்றைக்கே ஒரு கம்ப்யூட்டரைத் தன் வீட்டிலேயே விட்டு, ஸ்டீபன்ராஜ் வீட்டில் ஒன்று, லால்குடியில் அடிக்கடி ரத்தம் கொடுக்கும் அருள்நாதன் சார் வீட்டில் ஒன்று என்று மாற்றிவைத்து, புது முகவரிகளை ஆப்பில் போட்டான். நவநீதனைக் கூப்பிட மட்டும் கை வரவில்லை. மறுநாள் கூப்பிட்டான்.

"அவ நல்லா இருக்கா தம்பி. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டேன். மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர் ஒருத்தர் வந்து கொடுத்தாரு."

"தப்பு என்னோடதுதாண்ணே."

"அப்ப என் போன்ல கோளாறு இல்லயா?" என்று மட்டும் கேட்டார்.

நேரில் மன்னிப்புக் கேட்க ஸ்ரீரங்கம் போனான். கடைக்குப் பின்னாலேயே வீடு. நவநீதன் மனைவி மணிமேகலை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வாய் திறப்பதற்குள் நவநீதன் முந்திக்கொண்டார்.

"இவருதாம்மா ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணின தம்பி."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று கெஞ்சியதை நவநீதன் மனைவியிடம் சொல்லவில்லை என்று ஜெஸ்வினுக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் அதுவும் வெளியே வரும்.

"நீங்க இல்லன்னா நான் இல்ல தம்பி," என்று மணிமேகலை கண் கலங்கினாள். "குழந்தையை வாங்கிக்கங்க."

வாங்கிக்கொண்டான். நிமிர்ந்து நவநீதனைப் பார்க்க முடியவில்லை. காபி வந்தது. அதையும் குடித்தான்.