மூன்றாம் நம்பர் விமானத்தில் மல்லிகை வாசம்

“அது கசிவே இல்ல ஜெப்ஸி, எஞ்சின் சூட்டுக்கு லேசா வேர்த்து...”

“நீலக் கலர்ல எங்கயாவது வேர்க்குமா அண்ணாச்சி? விமானப் பெட்ரோலுக்குத்தான்...”

“என்னய பேச விடுதியா?”

“...அந்தச் சாயம். போதாததுக்கு மல்லிகைப்பூ வாசம் வேற வருது.”

சுடலைக்கண்ணு விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

தூத்துக்குடிக்கு மேற்கே உள்ள அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் ஷெட்டுக்கு அவர்தான் மேலாளர். அதற்கு முன்னால் இருபது வருஷம் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவர். நடுக்கடலில் டீசல் குழாய் சொட்டினால் குளிக்கிற சோப்பைப் பிசைந்து அப்பிவிட்டுக் கரை வந்து சேர்வது படகுக்காரர்கள் வழக்கம். கை பழகிவிட்டது. காலையில் மூன்றாம் நம்பர் விமானத்தின் எரிபொருள் குழாயிலும் அதையே அப்பியிருந்தார்.

ஜெப்ஸிக்குச் சொந்த ஊர் நாசரேத். ஏழு வருஷம் படித்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி வாங்கிய விமானப் பராமரிப்பு எஞ்சினியர் லைசென்ஸ். இந்த வகை விமானங்களின் எரிபொருள் குழாய்களைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், கசிந்தால் மாற்றாமல் பறக்கக் கூடாது என்று விமானத் துறை மேலிடத்து உத்தரவு. புதுக் குழாய் பெங்களூரிலிருந்து வர நாலு நாளாகும். சோதனைப் புத்தகத்தில் அவள் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி நகரும்.

அவளை வேலையில் நிரந்தரமாக்கும் தாளிலோ சுடலைக்கண்ணு கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் தன் மேசையில்தான் கிடக்கிறது என்பதைக் காலையிலிருந்து இரண்டு தடவை, வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி, சொல்லிவிட்டார்.

அவர் அவசரம் அவருக்கு. ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அருணாசலவடிவு உட்கார்ந்திருந்தாள். ஏரல் பக்கம் நெல் விவசாயம். அவள் மகளைத்தான் சுடலைக்கண்ணு மகனுக்குப் பேசியிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார்கள். உங்கள் வயலை உங்களுக்கே மேலேயிருந்து காட்டுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அவளும் பட்டுச்சேலை உடுத்தி, வாந்தி வராமலிருக்க உள்ளங்கையில் எலுமிச்சம்பழத்தை இறுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இருபது நிமிஷப் பயணம்தானே, தாமிரபரணியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் என்று சுடலைக்கண்ணு குழைந்தார். கசிவை அடைக்க ‘சீலண்ட்’ பசை போட்டதாக எழுதிவிட்டுப் போயேன் என்றார்.

ஜெப்ஸி மறுக்கவில்லை. புத்தகத்தை இறக்கை மேல் விரித்து, வேண்டுமென்றே ஷெட் வாசல் வரை கேட்கும்படி சொன்னாள்:

“எழுதிருதேன் அண்ணாச்சி. எந்தப் பொருள் போட்டாலும் அதோட நம்பரு, காலாவதி தேதி எல்லாம் இதுல ஏறணும். சோப்பு சுத்தி வந்த தாள எடுத்துட்டு வாங்க.”

எலுமிச்சம்பழத்தோடு அருணாசலவடிவு எழுந்து வந்தாள். என்ன சோப்பு என்று கேட்டாள். சும்மா ஒரு செக்கிங் தங்கச்சி என்று சுடலைக்கண்ணு மழுப்பப் பார்த்தார். அதற்குள் அவள் எஞ்சினுக்குக் கீழே குனிந்து மோந்து பார்த்துவிட்டாள்.

“இதுக்கா இம்புட்டுப் பேச்சு? எங்க டீசல் பம்புசெட்டுக்கும் இதான வைப்போம்.”

சுடலைக்கண்ணுக்கு முகமெல்லாம் வெளிச்சம். “கேட்டியா ஜெப்ஸி, வெவசாயம் பாக்குதவுகளுக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியல” என்று பேனாவை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

ஜெப்ஸி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பேனா நீட்டியபடியே நின்றது.

அருணாசலவடிவு நிமிர்ந்தாள். குழாயைப் பார்த்தாள். முன்னால் இருந்த ஒற்றை விசிறியைப் பார்த்தாள். பிறகு கண்ணுக்கு மேல் கையை வைத்து, மேகமே இல்லாத வானத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. எங்க பம்புசெட்டு பாதியில நின்னா கெணத்து மேட்டுலயே நிக்கும், மறுபடி சோப்பு வச்சிக்கிடுவோம். இது பாதியில நின்னா எங்கன நிக்கும்?”