மன்றத்தில் சேரும் முறை

ஊரிலுள்ள சகோதரர் மன்றம் என்ற சங்கத்தாருக்கு, தோளில் குறுக்காக அணியும் பட்டி தைத்துக் கொடுப்பவர் அந்தத் தையற்காரர். நீலப் பட்டு, ஓரத்தில் இரட்டைத் தையல், நடுவே வெள்ளி நூலில் ஒரு சாவி. பத்தொன்பது ஆண்டுகளாக அவற்றைப் பொட்டலம் கட்டி, மன்றத்தின் பக்கவாசலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். உள்ளே வரும்படி ஒருவரும் சொன்னதில்லை.

மனைவி இறந்தபின் அது அவரை உறுத்தத் தொடங்கியது. பிள்ளைகள் இல்லை. மன்றத்தாருள் ஒருவர் காலமானால் அத்தனை பேரும் பட்டி அணிந்து, வரிசையாக நின்று வழியனுப்புவார்கள். தம்மைத் தூக்க நாலு பேராவது கிடைப்பார்களா என்ற கவலை அவரை அரித்தது.

மன்றத்தின் செயலாளர் அயலார் அல்லர், மனைவியின் அண்ணன்தான். அவரும் அழைக்கவில்லையே என்ற மனத்தாங்கலில் அவர் வீட்டுப்படி ஏறுவதையே தையற்காரர் குறைத்துக்கொண்டார். நுரையீரல் நோயில் அவர் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட பின்னரே போனார்.

“வாங்க மச்சான், அளவெடுக்க வந்தீங்களா? ஆள் பாதியாயிட்டேன், துணி மிச்சம்” என்றார் செயலாளர், இருமலுக்கிடையே.

“கிண்டல் இருக்கட்டும். பத்தொன்பது வருஷம் மச்சான்! வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? என்னையும் சேத்துக்கிட்டா உங்க மன்றத்துக் கூரை இடிஞ்சிடுமா?”

செயலாளர் தலையணையில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“கூப்பிடக் கூடாது மச்சான். அதுதான் எங்க மொத விதி. ஜாடை காட்டக்கூடக் கூடாது. வர்றவர் தானா வாயைத் தொறந்து கேக்கணும். இவர் எப்பக் கேப்பாரு, எப்பக் கேப்பாருன்னு நான் காத்துக்கிட்டிருந்தேன்.”

“இதை எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“சொன்னா அதுவே கூப்பிட்ட மாதிரிதானே? இப்ப நீங்க கேட்டுட்டீங்க. அந்த மேசை டிராயரத் தொறங்க.”

விண்ணப்பத்தில் செயலாளர் கையொப்பமிட்டார். எழுத்துகள் கோட்டுக்குக் கீழே சரிந்தன. பரிந்துரைத்தவர் கூட்டத்தில் எழுந்து நின்று, ‘இவருக்கு நான் பொறுப்பு’ என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே வாக்கெடுப்பு. கூட்டத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் செயலாளர் காலமானார். பொறுப்பேற்க ஆளின்றி விண்ணப்பம் செல்லாததாயிற்று; இனி வேறொரு உறுப்பினரிடம் அவரே மறுபடி கேட்க வேண்டும்.

இடுகாட்டில் மன்றத்தார் இரு வரிசையாக நின்றனர். தையற்காரர் உறவினர் பக்கம் ஒதுங்கி நின்றார். எல்லாம் முடிந்ததும் மன்றத்தின் தலைவரான பல் மருத்துவர் அவரருகே வந்தார்.

“நல்ல மனுஷன்.”

“ஆமா.”

“மழை வரும்போல இருக்கு.”

“வரும்.”

தலைவர் நகரவில்லை. அந்த மௌனத்தின் பொருள் தையற்காரருக்கு இப்போது தெரியும். ஒரு வாக்கியம் போதும். ஆனால் குழிமேல் கொட்டிய மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை. மைத்துனரின் சாவின்மீது ஏறி நின்று தமக்கு இடம் கேட்பதுபோல் அவருக்குக் கூசியது. கேட்காமல் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

தலைவர் மேலும் சிறிது நேரம் நின்றார். பிறகு வண்டியை நோக்கி நடந்தார். கதவைத் திறந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

தையற்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.