பூசை கண்ட ஹீட்டர்

ஒஸ்லோ மாநகரிலும் அதன் சுற்றாடலிலும் வாழும் தமிழ்ப் பெருங்குடி மக்கள் அனைவருக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில்: இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், ஹவுகெட்டோவைச் சேர்ந்த திருவாளர் சின்னராசா அவர்கள் தமது படகின் சிற்றறைக்கு ஒரு ஹீட்டர் பூட்டுவதென்று தீர்மானித்தார். சோழர் கடாரத்துக்குக் கப்பல் விட்ட பிறகு தமிழன் கடலில் செய்யப்போகும் அடுத்த பெரிய காரியம் இதுதான் என்பது அவருடைய துணிபு.

படகு ஆறு மீற்றர் நீளம், முப்பது வயது. நடுவிலே பலகைப் பெட்டிக்குள் ஒரு டீசல் எஞ்சின். முன்னாலே மூன்று பேர் முழங்கால் இடிபட உட்காரக்கூடிய அறை. வாங்கிய நாள் முதல் சின்னராசா தன்னைக் கப்டன் என்று சொல்லிக்கொண்டார். வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

உண்மையான விஷயம் வேறு. அவருக்கு ட்ராம் கழுவும் இரவு வேலை. மனைவி புஷ்பராணிக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. பதினெட்டு வருசமாக ஒருவர் சப்பாத்தைக் கழற்றும்போது மற்றவர் போட்டுக்கொண்டிருப்பார். வாசலில் நின்றபடி கரண்ட் பில்லையும் கத்தரிக்காயையும் பற்றிக் கதைத்ததுதான் குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவதொரு தீவின் ஓரத்தில் நங்கூரம் போட்டு, அவளோடு இருந்து நாலு வார்த்தை கதைக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அந்தப் படகை வாங்கினார். இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. கப்டன்மார் இப்படியான விஷயங்களைச் சொல்வதில்லை.

புஷ்பராணி ஒரேயொரு முறை வந்தாள். ஜூன் மாதத்திலேயே பல் கிடுகிடுத்தது. இறங்கும்போது தீர்ப்புச் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, உதுக்குள்ளை ஜக்கெட் போடாமல் இருக்கேலுமெண்டால் வாறன். இல்லாட்டிப் பனி கொட்ட முன்னம் வித்துப்போடுங்கோ."

பஸ் கராஜில் மெக்கானிக்காக இருக்கும் அருளானந்தன்தான் வழி சொன்னான். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் எப்படியும் கொதிக்கிறது. இரண்டு ரப்பர் குழாயால் அதை அறைக்குக் கொண்டுவந்து, விசிறி வைத்த ஒரு பெட்டிக்குள்ளால் ஓடவிட்டு, திரும்ப எஞ்சினுக்கே அனுப்பினால் சூடு சும்மா கிடைக்கும். அந்த ஹீட்டர்ப் பெட்டியை இருக்கைக்குக் கீழே, தாழ்வாகப் பூட்டச் சொன்னான். சின்னராசா அப்படித்தான் அளவெடுத்துக் குழாய் வெட்டிவைத்தார்.

இடையில் சரஸ்வதி பூசை வந்தது. வீட்டுக்கு வந்த புதுச் சாமானைப் படத்துக்கு முன்னால் வைக்கிற வழக்கப்படி, கத்திரிக்கோலுக்கும் மகளின் வயலினுக்கும் நடுவே ஹீட்டரும் அமர்ந்தது. சந்தனம், குங்குமம், தலையில் ஒரு செவ்வந்திப் பூ. பூசை முடிந்த கையோடு புஷ்பராணி கேட்டாள், இதை எங்கே பூட்டப்போகிறீர்கள் என்று. இருக்கைக்குக் கீழே என்றார். பூசை கண்ட சாமானைக் காலடியில் வைக்கிற மனிதரை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஆகவே ஹீட்டர் கூரையோரத் தட்டுக்கு உயர்ந்தது. குழாய் ஒரு முழம் குறைந்தது. ஸ்ட்ரோம்மனுக்கு ரயில் ஏறிப் புதுக் குழாய் வாங்கி, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரும்பினார். எஞ்சின் பெட்டிக்குள் கை போகும். ஸ்பானர் பிடித்த கை போகாது. பழைய குழாயைக் கழற்றியதும் எஞ்சினுக்குள் இருந்த பச்சை நிறத் தண்ணீர் அவருடைய சட்டைக் கைக்குள்ளால் கக்கம் வரை போனது. குழாயை இறுக்கும் முதல் கிளிப் எஞ்சினுக்கு அடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது இரண்டாவதும் போனது. மூன்றாவதை வாயில் கவ்விக்கொண்டதால் வாய்விட்டு ஏசவும் முடியவில்லை. எல்லாம் பூட்டி முடித்து எஞ்சினை இயக்கி விசிறியைப் போட்டார். ஒஸ்லோ முழுவதும் இலவசமாகக் கிடைக்கும் குளிர்காற்றை அது பற்றரிச் செலவில் ஊதியது.

"கோதாரி பிடிச்ச..." என்று தொடங்கியவர், ஹீட்டரில் இருந்த பொட்டைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்று நாள் இப்படியே போனது. ஞாயிறு படகில் போகிறோம் என்று புஷ்பராணி ரோல்ஸுக்கு மாவும் வாங்கிவிட்டாள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சனிக்கிழமை அருளானந்தனைக் கூப்பிட்டார். அவன் வந்து இரண்டு குழாயையும் தொட்டுப் பார்த்தான். ஒன்று நெருப்பு, மற்றது ஐஸ். பிறகு அண்ணாந்து பார்த்தான்.

"ஆரண்ணை இதை முகட்டிலை ஏத்தினது?"

"பூசை செய்தது. காலடியிலை வைக்கேலாது."

"காத்து மேலைதான் போகும். அது சந்தனப் பொட்டுக்கெல்லாம் பயப்பிடாது, அண்ணை."

ஹீட்டருக்குள் காற்று ஏறிக் குந்திவிட்டது, தண்ணீருக்கு வழியில்லை. ஒன்றில் ஹீட்டரை இறக்க வேண்டும். அல்லது எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் தொட்டியை அதைவிட உயரத்தில் வைக்க வேண்டும். சின்னராசா யோசித்தார். எஞ்சினோடு மல்லுக்கட்டலாம், புஷ்பராணியோடு முடியாது. கழித்துவிட்ட பஸ் ஒன்றின் தொட்டி கூரையில் ஏறியது. மூடியைத் திறந்துவிட, காற்று குளுக் குளுக்கென்று வெளியேறியது. அரை மணி நேரத்தில் அறை இருபத்தாறு பாகை.

ஞாயிறு காலை ஆட்களில்லாத ஒரு தீவின் ஓரத்தில் நங்கூரம் போட்டார். புஷ்பராணி ஹீட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஜக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். சின்னராசா கதைக்கத் தொடங்கினார்.

"என்ன?" என்றாள்.

மறுபடி சொன்னார். எஞ்சின் அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் நின்று டக்கடக்கென்று இடித்தது.

"ஒண்டும் கேக்கேல்லை. உதை நிப்பாட்டுங்கோ முதல்லை."

நிறுத்தினார். அப்படியொரு அமைதியை இருவரும் பல வருசமாகக் கேட்டதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ஆளுக்கொரு ரோல்ஸ் சாப்பிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து அவருக்கு முதல் வசனம் அகப்பட்டபோது விசிறி மறுபடி குளிர்காற்றை ஊதத் தொடங்கியிருந்தது. அவள் ஜக்கெட்டைப் போட்டுக் கழுத்துவரை இழுத்து மூடினாள். அவர் எஞ்சினை இயக்கினார். அவள் ஜக்கெட்டைக் கழற்றிவிட்டுக் காதைப் பொத்தினாள். மூன்று தரம் இப்படி நடந்தது. கடைசியில் அவர் வெளியே போய் அருளானந்தனுக்குப் போன் எடுத்தார்.

"எஞ்சின் நிண்டால் சூடு எங்கையண்ணை வாறது?" என்றான் அவன்.

மத்தியானத்துக்கு முன்பே திரும்பினார்கள். ஹவுகெட்டோவில் வீடு சூடாக இருந்தது. சத்தமும் இல்லை.