ஃபிரிட்ஜுக்குள் கல்லுடைச்சான்

நீலக் குறி போட்ட குழாயில் குளிர்ந்த தண்ணீர்தான் வரும் என்று எந்த மகராசன் முடிவு செய்தானோ, அவன் ஜூலை மாதத்தில் பஹ்ரைனில் குளித்திருக்க மாட்டான். வடிவுக்கும் அது முதல் கோடை. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஈசா டவுனில் கஜாலினி டீச்சர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

டீச்சர் நோர்வேயில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். அங்கே வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவள் அப்பா இராஜரத்தினம், பாறை இடுக்கிலிருந்து ஒரு செடியைக் கிள்ளி வந்து சட்டியில் வளர்த்தார். சாக்ஸிஃப்ராகா என்பது அதன் பெயர். அவர் வைத்த பெயர் கல்லுடைச்சான். பனி உருகிய கையோடு ஊதா நிறத்தில் பூக்குமாம். அவர் போன பிறகு மகளுக்கு மிஞ்சியது அந்தச் சட்டி ஒன்றுதான். கண்ணாடிக் கதவு போட்ட பழைய ஃபிரிட்ஜில், டியூப் லைட் வெளிச்சத்தில், அதற்கு ராஜ உபசாரம்.

லீவுக்கு நோர்வே போகும்போது டீச்சர் சொன்னதெல்லாம், வழக்கம்போல ஊற்று என்பதுதான். வழக்கம் என்றால் விடியற்காலையில் நீலக் குழாயிலிருந்து அரை டம்ளர். ஒருநாள் காலையில் தண்ணீர் நின்றுவிட்டது. மதியம் வந்ததும், மறந்துவிடப் போகிறோமே என்ற அவசரத்தில் வடிவு பிடித்து அப்படியே ஊற்றினாள். மொட்டைமாடித் தொட்டியில் வெந்து கிடந்த தண்ணீர். சாயங்காலம் பார்த்தால் செடி வதக்கிய கீரையாய்க் கிடந்தது.

வேலை போனால் போகட்டும், இன்னொரு வீடு கிடைக்கும்; செத்துப்போன மனிதர் வளர்த்த செடிக்கு எங்கே போவது? மேல்வீட்டில் வேலை செய்யும் ஷம்சாத்திடம் ஓடி அழுதாள். அவள் சிரித்துவிட்டாள். கோடையில் ஹீட்டரை அணைத்துவிட்டுச் சிவப்புக் குழாயைத் திறக்க வேண்டும், வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டர் தொட்டியில்தான் தண்ணீர் ஆறிக் கிடக்கும், இதுகூடத் தெரியாதா என்றாள். தெரிந்திருந்தால் வடிவு ஏன் அங்கே நின்று அழுகிறாள்?

அழுது முடித்து வந்து சட்டியைக் கிளறினாள். ஓரத்துத் தண்டுகள் சில தப்பியிருந்தன. தோட்டத்து நர்சரியில் தேயிலைக் கம்பு நட்ட கை அது. நறுக்கி, மூன்று தயிர்க் கோப்பைகளில் மணலும் பொடிக்கல்லும் போட்டு நட்டாள். சிவப்புக் குழாய்த் தண்ணீரைப் புறங்கையில் விட்டுப் பார்த்துவிட்டே ஊற்றினாள். தினமும் அவற்றை அதட்டினாள், கெஞ்சவும் செய்தாள்.

டீச்சர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே வடிவு சொல்லிவிட்டாள்.

"டீச்சர், ஒங்க அப்பா செடிய நான்தான் வேக வச்சிட்டேன்."

கஜாலினி ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஒரு கோப்பையில் தண்டு கருகியிருந்தது. மற்ற இரண்டிலும் பச்சை நுனி. பிறகு கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு போய், குழாயின் நீலக் குறி மேல் தடவினாள்.

"பிழை என்ர, வடிவு. குளிருக்குச் சொன்னதை வெயிலுக்கு மாத்திச் சொல்லேல்ல. இனி ரெண்டும் சிவப்பு. தொட்டுப் பாத்திட்டு ஊத்துவம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே பூச்சால் ஒரு கோப்பையில் அப்பா என்று எழுதினாள். மற்றதில் வடிவு என்று எழுதி அவள் கையில் கொடுத்தாள். வடிவு அதை வாங்கி, தன் பெயர் முன்பக்கம் தெரிகிற மாதிரி, அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.