சாய்வான வெட்டு

தொட்டியைக் கையில் எடுத்த அதே நொடியில் மோட்டார் படகின் சத்தம் கேட்டது.

லுவா திரும்பி வருகிறாள்!

சந்தைக்குப் போனவள் மூன்று மணிக்கு முன்னால் வரமாட்டாள் என்று நம்பித்தான் வந்திருந்தேன். இப்போது மணி பன்னிரண்டரை. அவளுடைய படித்துறையில், அவளுடைய ரோஜாத் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான். துடுப்புப் போட்டு ஓடவும் வழியில்லை. வாய்க்கால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். வருகிறவளுக்கு என் ஓலைத் தொப்பியின் நீல நாடாகூடத் தெரிந்துவிடும்.

என் துடுப்புப் படகுக்குள் குதித்தேன். தொட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற பரணின் மூங்கில் காலைப் பிடித்து இழுத்தேன். படகு வழுக்கிக்கொண்டு பரணுக்கு அடியில் போனது. மல்லாந்து படுத்தேன்.

வியட்நாமில் எங்கள் சாடெக் ஊரில் செடிகள் தரையில் நிற்பதில்லை. தண்ணீருக்கு மேலே பரண், பரண் மேல் வரிசையாகத் தொட்டிகள், நடுவில் நாங்கள் படகில். என் மூக்குக்கு ஒரு முழம் மேலே லுவாவின் பட்டன் ரோஜாக்கள். காலையில் ஊற்றிய மீன் உரத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் நெற்றியில் விழுந்தது. ஒரே நாற்றம். ஒரு கை பரண் காலில், மறு கை தொட்டியில்; துடைக்கக் கை இல்லை.

முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது வெறும் செடி என்றா நினைக்கிறீர்கள்? அது என் புருஷன்.

விஷயம் இதுதான். நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் சிவப்புப் பட்டன் ரோஜா ஒன்றில் ஒரே ஒரு கிளை மட்டும் மாறிப் பூத்தது. வெள்ளை இதழ், ஓரத்தில் மட்டும் கரை போட்ட மாதிரி மெல்லிய சிவப்பு. பூ மொத்தமே கட்டைவிரல் நகம் அளவு. என் கணவர் துவான் அந்தக் கிளையைப் பிரித்து வேர் பிடிக்கவைத்து, உமியும் தேங்காய் நாரும் கலந்து தனித் தொட்டியில் வைத்தார். மூன்று தடவை பூத்து நிறம் மாறாமல் நிற்கும்வரை புதுச்செடியிலிருந்து நடுவதற்கு வெட்டும் குச்சி வீட்டைத் தாண்டக்கூடாது. உடன்பிறந்தவனுக்கும் கிடையாது. இது இந்த வாய்க்கால் முழுவதற்கும் பூ வளர்ப்போர் சங்கம் போட்ட கட்டுப்பாடு.

பொழுது விடிந்தால் அந்தத் தொட்டியின் முகத்தில்தான் விழிப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட முதலில் அதன் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என் நெற்றியைத் தொட்டார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன வருட வெள்ளத்தின்போது மொட்டுக் கிள்ள லுவாவைக் கூப்பிட்டார் பாருங்கள்! நான் கை நீட்டினேன், தடுத்தார்.

"நீ தொடாத சென். உனக்குச் சூட்டுக் கை. லுவா அக்காவுக்குத்தான் குளிர்ந்த கை. அவங்க தொட்டா கருவாடுகூடத் துளிர்க்கும்."

லுவா சிரித்தாள். அடுத்த பரண்காரி, என்னைவிட மூன்று வயது மூத்தவள். புருஷன் செத்து ஆறு வருடம். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்தக் குழியில் அவளையே தள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

மறுநாள் மாலை செடி போயிருந்தது. ஒரு விரல் உயரத்துக்கு, நுனி நசுங்கிய கட்டை மட்டும் மிச்சம். எலி என்று வீட்டில் முடிவானது. அந்தக் கட்டையும் பத்தே நாளில் கறுத்துச் செத்தது. இரண்டு நாள் அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

உலகத்தில் ஒரே ஒரு செடி. அதுவும் போய்விட்டது. அப்படித்தான் நினைத்திருந்தேன், இன்று காலை வரை!

காலையில் களை அள்ளிக்கொண்டு லுவாவின் பின்பக்கமாகப் படகில் போனபோது, அவள் படித்துறை மூலையில், காற்றில் விலகிய சாக்குக்குப் பின்னால் பார்த்தேன். வெள்ளை இதழ். சிவப்புக் கரை.

எப்படி வந்தது இங்கே? ஒரே பதில்தானே இருக்க முடியும். எலி வருவதற்கு முன்னாலேயே, கட்டுப்பாட்டை உடைத்து, எனக்குத் தெரியாமல் அவர் ஒரு குச்சி கொடுத்திருக்கிறார். இவளுக்கு. குளிர்ந்த கைக்கு!

தொட்டியோடு போய் அவர் முன்னால் வைத்து, "இது என்னங்க?" என்று கேட்பதுதான் என் திட்டம்.

மோட்டார் அணைந்தது. படகு படித்துறையில் இடித்தது. மூங்கில் இடுக்கு வழியாகப் பார்த்தேன். இறங்கியது ஒரு ஜோடிக் கால் இல்லை. இரண்டு ஜோடி.

இரண்டாவது ஜோடியில் இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. போன வாரம் தொட்டி விழுந்து நசுங்கிய நகம். தைலம் தேய்த்துவிட்டவள் நான்.

"தண்ணி பம்ப்ப எங்க வைக்கட்டும், அக்கா?"

"அடுப்படி ஓரமா வை தம்பி. எத்தனை தடவதான் இதுக்கு வைத்தியம் பாப்ப? சரி, வீட்ல சொல்லிட்டு வந்தியா? சென் தேடப் போறா."

"சொல்லாட்டியும் கண்டுபுடிச்சிருவா. என்னிக்காவது ஒரு நாள் உங்க பரணுக்கு அடியில வந்து படுத்துருப்பா, பாருங்க!"

இருவரும் சிரித்தார்கள். ஒரு சொட்டு மீன் உரம் சரியாக என் உதட்டில் விழுந்தது.

சிரிப்பு சட்டென்று அறுந்தது. துவான் குனிந்தார். தொட்டியைத் தூக்கியபோது உதிர்ந்திருக்க வேண்டும், பலகையில் கிடந்த ஒரே ஒரு இதழை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா... இது எங்கேர்ந்து வந்துச்சு?"

தொட்டி இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது. லுவா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது என் பூ," என்றார் அவர். "செத்துப்போச்சுன்னு நான் அழுத பூ."

அப்படியானால் அவர் கொடுக்கவில்லை! அவருக்கு ஒன்றும் தெரியாது! மீன் உரத்தில் நனைந்துகொண்டு, திருட்டுத் தொட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, மூன்று விநாடிகள் நான் சாடெக்கிலேயே சந்தோஷமான பெண்டாட்டியாக இருந்தேன். மூன்றே விநாடிதான்.

"போன வருச வெள்ளத்துல ஆகாயத்தாமரையோட மிதந்து வந்துச்சு தம்பி. பரண் கால்ல சிக்கியிருந்துச்சு. எடுத்து நட்டேன். மூணு தடவ பூத்து நிறம் நின்னா உன் கையில குடுக்கணும்னு இருந்தேன். மொதல்லயே சொல்லி, மறுபடி ஒருக்கா உன்ன அழவைக்க வேணாம்னு..."

"எலி கடிச்ச கிளையா?"

"ம்."

"எலி கடிச்சது வேர் விடாது அக்கா. நார் நாராக் கிழிஞ்சு மூணு நாள்ல அழுகிடும். உங்களுக்கே தெரியும். வேர் விட்டிருக்குன்னா அது கத்தரி பட்ட கிளை. கணுவுக்குக் கீழ, சாய்வா. குச்சி நடத் தெரிஞ்ச கைதான் அப்படி வெட்டும்."

லுவாவின் குதிகால் ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்தது.

"என் செடிகிட்ட வேற யாரை விட்டேன்? உங்கள மட்டும்தானே விட்டேன்! கேட்டிருந்தா கட்டுப்பாட்ட மீறிக்கூட குடுத்திருப்பேனே அக்கா!"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாராம். அந்த நிலைமையிலும் எனக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது.

"நான் வெட்டல, தம்பி."

"நாளைக்குச் சங்கத்துல வந்து சொல்லுங்க."

குச்சி திருடியவர் என்று சங்கத்தில் ஒருமுறை பெயர் விழுந்தால் போதும், அந்தப் பரண் பக்கம் ஒரு வியாபாரப் படகும் ஒதுங்காது. தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு இன்னும் பதினெட்டே நாள். என் தலைக்கு மேலே இரண்டாயிரம் தொட்டிகள், பண்டிகைக்குப் பூக்க நாள் பார்த்துக் கவாத்து செய்தவை, அத்தனையும் மொட்டோடு நிற்கின்றன. லுவாவின் ஒரு வருடச் சோறு.

"அக்கா, கடைசியாக் கேக்கறேன். நீங்க வெட்டலன்னா யாரு வெட்டினது? யாரையாவது பாத்தீங்களா?"

லுவா தலையைக் குனிந்தாள். அவள் பார்வை பலகையில் நடந்து, மூங்கில் இடுக்கில் நுழைந்து, கீழே இறங்கியது. என் தொப்பியின் நீல நாடாவில் நின்றது. பிறகு தொட்டியில். பிறகு என் கண்ணில்.

ஒரு விநாடி. இரண்டு.

அவள் முகம் வெளுத்தது. ஆனால் ஆச்சரியம் இல்லை அதில். அதுதான் என்னைத் தூக்கிப்போட்டது.

"இல்ல தம்பி," என்றாள் மெதுவாக, என்னைப் பார்த்தபடியே. "யாரையும் பாக்கல."

துவான் காறித் துப்பிவிட்டுத் திரும்பினார்.

நான் ஜெயித்துவிட்டேன். அசையாமல் இன்னும் கால் மணி நேரம் கிடந்தால் போதும். அவர் இனி இந்தப் படித்துறையில் கால் வைக்கமாட்டார். குளிர்ந்த கை என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழாது. நான்கு வருடமாக நான் கும்பிடாத சாமியிடமெல்லாம் கேட்டது இதைத்தானே!

ஆனால் அந்தப் பார்வை... அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் பொறுத்திருப்பேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். பிழைப்பே போகும் நேரத்தில் என்னைக் காப்பாற்றுகிறாளாம்! ஆயுசு முழுக்க இவள் போட்ட பிச்சையில் என் புருஷனோடு குடித்தனம் நடத்துவதா? குளிர்ந்த கை போதாதென்று நல்ல மனசும் இவளுக்கேவா?

விடமாட்டேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

பரண் காலை உதைத்தேன். படகு வெளியே பாய்ந்து படித்துறையில் மோதியது. முகமெல்லாம் மீன் உரம் வழிய, தொட்டியைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். துவான் ஓர் அடி பின்வாங்கினார்.

"சென்! நீ எங்க இங்க..."

"அவங்க பொய் சொல்றாங்க," என்றேன். "நல்லாப் பாத்திருக்காங்க. போன வருசமே பாத்திருக்காங்க."

"யாரை?"

தொட்டியை அவர் காலடியில் வைத்தேன். வெள்ளைப் பூக்கள் ஆடின.

"வெள்ளத்துல வீசினா ஆத்தோட போயிடும்னு நெனச்சேன். கோவத்துலயும் கை பழக்கம் விடல பாருங்க, கணுவுக்குக் கீழ சாய்வாத்தான் போச்சு கத்தரி. மிச்சக் கட்டையோட நுனிய எலி கடிச்ச மாதிரி நசுக்கி வெச்சேன். அன்னிக்கு வந்தது எலி இல்லீங்க. இந்தச் சூட்டுக் கைதான்."