மருமகளுக்கு வந்த முப்பத்தொரு கடிதங்கள்

"நாளையிலேருந்து நான்தான் உங்களுக்கு மேலதிகாரி, அத்தை."

"அப்போ இந்தப் போர்வையோட அந்த முனையை யாரு பிடிக்கிறது? மேலதிகாரியா, மருமகளா?"

"மருமகதான். ஆனா ஒண்ணு. பள்ளிக்கூடப் பேச்சு இந்த வாசப்படி தாண்டி உள்ள வரக் கூடாது. நானும் பேசமாட்டேன், நீங்களும் பேசக் கூடாது. மாமியாருக்குச் சலுகை காட்டறான்னு ஒருத்தர் வாயிலயும் வந்துடக் கூடாது."

"சரிம்மா. இழுத்துப் பிடி."

நான்கு வருடங்களுக்கு முன்னால், துவைத்து உலர்த்திய போர்வையை மடித்துக்கொண்டே இருவரும் பேசியது அவ்வளவுதான். முனைகள் ஒன்று சேர்ந்தபோது மாமியாருக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஒரு நாள் மத்தியானம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் சமையலைச் சாப்பிட்டுப் பாரேன் என்று கேட்க நினைத்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் பரீட்சைக்குப் போகிறவள் முகம் மாதிரி இறுகியிருந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டாள். விழுங்கியது இன்றுவரை செரிக்கவில்லை.

மாமியாருக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தொரு வருட அனுபவம். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கரண்டியம்மா. நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். சாப்பாடு முடிந்ததும் கழுவும் தொட்டி அருகே போய் நின்று, திரும்பி வருகிற தட்டுகளைப் பார்ப்பாள். எந்த வகுப்பு எதை ஒதுக்கியிருக்கிறது, எந்தப் பிள்ளை இரண்டு நாளாக ஒன்றுமே சாப்பிடவில்லை என்பதெல்லாம் தட்டு சொல்லிவிடும். அப்படித் தட்டைப் பார்த்தே ஒரு பெண் குழந்தைக்குப் பல்வலி என்று கண்டுபிடித்து, டீச்சருக்குச் சொல்லியனுப்பியதுகூட உண்டு. பல் செட் செய்கிற தன் மகனுக்கே அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது என்று பெருமையடித்துக்கொள்வாள்.

மருமகளின் பொறுப்பில் பதினோரு அரசுப் பள்ளிகள். மண்டலக் கல்வி இயக்குநர் என்பது பலகையில் இருந்த பெயர். ஊர் வைத்த பெயர் பூட்டு. வாயும் திறக்காது, கதவும் திறக்காது என்று அர்த்தம். குறையிருந்தால் கணினியில் படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பினால் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதெல்லாம் யாருக்கு முடிகிறது என்று சலித்துக்கொண்டவர்களுக்கு ஒரு குறுக்குவழி கண்ணில் பட்டது. அது சமையலறை ஜன்னல் வழியாகப் போயிற்று.

முதலில் வந்தவள் தையல்காரி. அவளுடைய மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பெண்கள் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு பக்கம் எழுதி மடித்துக் கொண்டுவந்திருந்தாள். "உங்க மருமக கையில குடுத்துடுங்கக்கா. சாப்பிடும்போது அப்படியே தட்டுக்குப் பக்கத்துல வெச்சுடுங்க, போதும்" என்றாள். முடியாது என்று சொல்ல மாமியாருக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால், மருமகளிடம் ஒரு காகிதம் நீட்டக்கூட உரிமையில்லாத வீடு என்று ஊர் நினைத்துவிடுமே. வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு எடுத்துப் போனால் கொடுத்த வாக்கு போகும். அலுவலகத்துக்குப் போகலாமென்றால், மாமியார் மனுவோடு வந்து நிற்கிறாள் என்று அங்கிருப்பவர்கள் பேசுவார்கள். நல்ல வேளை பார்த்து எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம் என்று சரக்கறையின் மேல்தட்டில் இருந்த காலி மாவு டப்பாவில் போட்டுவைத்தாள்.

நல்ல வேளை வரவில்லை. கடிதங்கள்தான் வந்தன. மூன்றாம் வகுப்பில் மழை ஒழுகுகிறது, கணக்கு வாத்தியார் இல்லாமல் ஒரு பருவமே ஓடிவிட்டது, பேருந்து பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். டயர் கடைக்காரர் மட்டும் நான்கு கடிதம் கொடுத்திருந்தார். நான்கிலும் கருப்புக் கைரேகை. ஒவ்வொன்றையும் போடும்போது இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டே போட்டாள். மூடி அழுந்தவில்லை என்றான பிறகு ஒரு நாள் எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்று.

இந்த நிலையில்தான் சுற்றறிக்கை வந்தது. பள்ளிகளின் சமையலறைகளை மூடிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் சமைத்துப் பெட்டிகளில் அடைத்து அனுப்பப்போகிறார்கள். முடிவெடுக்கும் முன் பெற்றோர் கூட்டம், வியாழக்கிழமை நான்கு மணிக்கு.

மாமியாருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுடைய கஷ்டமே. போன வருடம் வேறொரு பள்ளியில் சாப்பாடு கெட்டுப்போய்ப் பிள்ளைகள் வாந்தியெடுத்தபோது, மருமகள் இரண்டு நாள் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சரிந்து தூங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டவள் மாமியார். இனி ஒரு பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதைச் செய்கிறாள் என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். பத்தரைக்கு மூடின பெட்டியைப் பன்னிரண்டரைக்குத் திறந்தால் பிள்ளைகள் பாதியைத் தட்டிலேயே ஒதுக்கிவிடுவார்கள் என்பதும் தெரியும். முதல் விஷயம் மருமகளுக்கும் தெரியும். இரண்டாவதுதான் தெரியாது, எந்த அறிக்கையிலும் தட்டு வராது.

செவ்வாய்க்கிழமை டயர் கடைக்காரர் ஜன்னலருகே வந்து, சமையலறைக்காகவும் சேர்த்துத்தான் சண்டை போடப்போகிறோம், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொன்னார். மருமகளைப் பதவியிலிருந்தே தூக்கச் சொல்லித் தீர்மானம் போடப்போகிறார்களாம். "உங்க மருமகன்னு பாக்கறேன்க்கா, இல்லேன்னா வாய்க்கு வந்தபடி பேசிடுவேன். நாலு கடுதாசி எழுதினேன். ஒண்ணுக்காவது பதில் உண்டா? படிச்சுட்டு அடுப்புல போட்டுட்டா போல, அவ்வளவு திமிரு" என்றார்.

மாமியாருக்குக் கையிலிருந்த கரண்டி கனத்தது. அடுப்பில் போடவில்லை, அடுப்புக்கு எதிரே மூன்றடி தூரத்தில்தான் இருக்கிறது என்று சொல்ல உதடு வரை வந்தது. கரண்டியைக் குழம்பில் விட்டுக் கிளறினாள்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகன் வழக்கம்போல அன்று செய்த மேல்வரிசைப் பல்லின் அழகை விவரித்தான். சாப்பிடும் நேரத்தில் இதைப் பேசாதே என்று இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அதோடு பேச்சு நின்றது. மருமகள் தட்டில் இருந்ததை விரலால் இங்கிருந்து அங்கே நகர்த்திக்கொண்டிருந்தாள். மாமியார் தட்டைப் பார்த்தாள்.

"அத்தை, ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவீங்களா?"

"கேளு."

"நான் திமிர் பிடிச்சவளா?"

பள்ளிக்கூடம் என்ற சொல் அதில் இல்லை. வாக்கை மீறாமல் அவளால் கேட்க முடிந்தது அவ்வளவுதான் போலும். மகன் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே வைத்தான்.

"திமிரா, உனக்கா? உப்பு கம்மின்னு சொல்லக்கூட நாலு தரம் யோசிக்கிறவ நீ" என்றாள் மாமியார். மருமகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து கை கழுவப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பள்ளியின் பெரிய கூடத்தில் உட்கார இடமில்லை. இருந்த நாற்காலிகளும் இரண்டாம் வகுப்பு நாற்காலிகள். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்ததில் எல்லோருக்கும் ஏற்கெனவே எரிச்சல். பேச நினைப்பவர்கள் பெயர் கொடுத்துவிட்டு ஒலிவாங்கி முன்னால் மூன்று நிமிடம் பேசலாம். மருமகள் மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். தையல்காரி தாழ்ப்பாள் கதையைச் சொன்னாள். அதனால் தன் மகள் பள்ளிக்கூடத்தில் தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். அடுத்து வந்த டயர் கடைக்காரர் மேஜையைப் பார்த்து, மூன்று நிமிடம் வேண்டாம், ஒரே கேள்விதான் என்றார். எங்கள் கடிதங்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

மருமகள் பேனாவை மூடினாள். "எனக்கு ஒரு கடிதமும் வரலை" என்றாள்.

கூடம் கொதித்தது. பொய் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்கிறாள் பார் என்று இன்னொன்று. அவள் காது மடல் சிவந்தது. ஆனாலும் சொன்னதையே மறுபடி சொன்னாள்.

கடைசி வரிசை ஓரத்திலிருந்து மாமியார் எழுந்தாள். மடியில் வைத்திருந்த மாவு டப்பாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தாள். நடுவழியில் யாரோ, மாமியாரும் சண்டைக்கு வந்துவிட்டாள் என்றார்கள், சிலர் சிரித்தார்கள். அவள் டப்பாவை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

"அவ சொல்றது நிஜம். அவளுக்கு ஒண்ணும் வரலை. எல்லாம் எங்கிட்டதான் இருக்கு."

அவள் திரும்பி நின்று எல்லோருக்கும் சொன்னாள். வீட்டில் இந்தப் பேச்சு கூடாது என்று வாக்குக் கொடுத்ததை, வாங்கமாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் வாங்கியதை, திருப்பிக் கொடுக்கவும் வெட்கப்பட்டு மேல்தட்டில் வைத்ததை, ஒன்றுவிடாமல் சொன்னாள். "திட்டணும்னா என்னைத் திட்டுங்க. நாலு வருஷமா நீங்க திட்டினது தப்பான ஆளை" என்று முடித்தாள். டயர் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். என் கையெழுத்து புரியாததால்தான் பதில் வரவில்லை என்று என் மனைவி சொன்னாள் என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தார். அந்தக் குட்டி நாற்காலி அவரோடு சாய்ந்தது. பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு கோபத்தோடு முகத்தை வைத்துக்கொள்ள யாராலும் முடியவில்லை.

மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவுக்குள் கைவிட்டு ஒவ்வொரு கடிதமாக எடுத்தாள். மாவு ஒட்டியிருந்ததை ஊதி, பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கழிப்பறைக் கடிதத்தை எடுத்தபோது தேதியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். தாழ்ப்பாள் நாளைக்கே போடப்படும் என்று தையல்காரியைப் பார்த்துச் சொன்னாள். இத்தனையையும் ஒரு டப்பாவுக்கு எழுத வேண்டி வந்ததற்குத் தானும் தன் படிவமும்தான் காரணம் என்றும், இனி திங்கள்தோறும் கதவைத் திறந்துவைத்து உட்காருவதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல உங்களோடது எது?"

"நான் எழுதலை."

"சமையலறையை மூடறதைப் பத்தி ஒண்ணுமே இல்லையா? இருபத்தொரு வருஷம் அங்க நின்னுருக்கீங்க."

"எழுதினா உனக்குத்தானே சங்கடம். என்னுது நாலு வருஷமா வாயிலேயே கிடக்கு."

மருமகள் மூன்று நிமிடக் கணக்குக்காக மேஜைமேல் வைத்திருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அதைக் கவிழ்த்துவைத்தாள். "இது வீடு இல்லை, அத்தை. இங்க யார் வேணும்னாலும் கேக்கலாம். சொல்லுங்க" என்றாள்.

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லை, பழக்கம். ஒலிவாங்கி உயரத்துக்கு அவள் எட்டவில்லை; குதிகாலைத் தூக்கி நின்று சொன்னாள்.

"நாளைக்கு மத்தியானம் எங்க சமையலறைக்கு வாம்மா. பிள்ளைங்களோட வரிசையில நில்லு, தட்டை நீட்டு, உக்காந்து சாப்பிடு. அப்புறம் எங்கூடத் தொட்டிகிட்ட நின்னு, திரும்பி வர்ற தட்டை எல்லாம் ஒரு தரம் பாரு. பாத்துட்டு மூடறதுன்னா மூடு, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அங்க என் கையால ஒரு வாய் சாப்பிடாம மட்டும் மூடிடாதே."